சாய்மானத்தின் கணக்கு

பழைய மர நாற்காலி ஒன்று உடைந்தால், எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பாருங்கள். கால் நடுவில் முறிந்திருப்பது அபூர்வம். உட்காரும் பலகை பிளந்திருப்பதும் அபூர்வம். இருக்கையைத் தாங்கும் சட்டம் பின்னங்காலில் வந்து சேர்கிற மூட்டுதான் முதலில் ஆடும், பிறகு இளகும், கடைசியில் கழன்று வரும்.

அந்த மூட்டு ஏன் இப்படிப் பாடுபடுகிறது? சின்னக் கணக்கு ஒன்று போட்டால் தெரிந்துவிடும். ஒருவர் சாய்ந்து உட்கார்கிறார். அவருடைய முதுகு 20 கிலோ எடைக்கு இணையான விசையால் சாய்மானத்தைப் பின்னால் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதுகு படுகிற இடம் இருக்கைக்கு 40 செ.மீ. மேலே. மூட்டின் உயரமோ வெறும் 5 செ.மீ. தள்ளுகிற நீளம், தாங்குகிற நீளத்தைப்போல் எட்டு மடங்கு. 20 கிலோ அங்கே 160 கிலோவாகப் போய்ச் சேர்கிறது. இடம், வலம் என்று பகிர்ந்தாலும் ஒவ்வொரு மூட்டுக்கும் 80 கிலோ. சாய்மானம் என்பது நாமே விரும்பிப் பொருத்திக்கொண்ட கடப்பாரை. முன்னங்கால்களைத் தூக்கிவிட்டுப் பின்னங்கால்களில் மட்டும் ஊசலாடும் பிள்ளைகளை அதட்டுகிறோமே, அப்போது இந்தச் சுமை இன்னும் பல மடங்கு ஏறும்.

இங்கிலாந்து நாற்காலிகளைப் பற்றிய புத்தகங்கள் ராஜா ராணிகளின் பெயரால் காலத்தைப் பிரிக்கின்றன. எலிசபெத் காலம், ஆன் ராணி காலம், ஜார்ஜ் மன்னர்கள் காலம். காலின் வளைவையும் செதுக்கு வேலையையும் வைத்து வயது சொல்கின்றன. எனக்கோ அந்த நீண்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு மூட்டோடு தச்சர்கள் நடத்திய மல்லுக்கட்டாகவே தெரிகிறது. அலங்காரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்த யோசனைகள்தான் என்னைத் திரும்பத் திரும்ப வியக்க வைக்கின்றன.

முக்காலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. சாய்மானம் இல்லை என்றால் நெம்புகோலும் இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் பெரும்பாலான மக்கள் உட்கார்ந்தது முக்காலியிலும் நீளப் பலகையிலும் துணிமணி வைக்கும் பெட்டியின் மூடியிலும்தான். முதுகு வைத்த இருக்கை பிரபுவுக்கும் பிஷப்புக்கும் அரசனுக்கும் உரியது. அப்படி எஞ்சியிருப்பவற்றில் மிகப் புகழ்பெற்றது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலுள்ள முடிசூட்டு நாற்காலி. ஸ்காட்லாந்திலிருந்து 1296இல் தூக்கி வந்த ஸ்கோன் கல்லை அடியில் வைப்பதற்காக முதலாம் எட்வர்ட் இதைச் செய்வித்தான். முதலில் வெண்கலத்தில் வார்க்கத்தான் திட்டம். பிறகு மனம் மாறி, 1300 வாக்கில் ஓக் மரத்தில் செய்யவைத்து, டரமைச் சேர்ந்த வால்டர் என்ற ஓவியர் கையால் பொன்பூச்சும் ஓவியமும் ஏற்றினான். 18ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் பள்ளிப் பையன்களும் பார்வையாளர்களும் கத்தியால் தங்கள் பெயர்களை அதில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1800 ஜூலையில் ஒருவர், தான் இந்த நாற்காலியில் தூங்கியதையே செதுக்கி வைத்திருக்கிறார். 1914இல் அருகே குண்டு வெடித்துச் சேதமும் ஆயிற்று. ஆனாலும் 2023இல் மூன்றாம் சார்லஸ் அதில்தான் முடிசூட்டிக்கொண்டார். மூட்டுக்கு அதில் என்ன வழி? பெட்டி. பக்கங்கள், முதுகு, அடிப்பகுதி எல்லாம் ஒன்றையொன்று தாங்கும் முழுப் பெட்டி அது. எந்த மூட்டும் தனியாகச் சுமப்பதில்லை. உறுதியான ஏற்பாடுதான், ஆனால் ஒற்றை ஆளால் நகர்த்த முடியாது.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெட்டியைக் கழித்துவிட்டுச் சட்டக்கூட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் கலை வளர்ந்தது. இங்கேதான் மரத்தின் இரண்டாவது தொல்லை தலைகாட்டுகிறது: தண்ணீர். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்வதும் கோடையில் தளர்வதும் எல்லோருக்கும் பழக்கம். மரம் இழையின் போக்கில் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. குறுக்கே மட்டும் சுருங்கும். பச்சை ஓக் பலகை 30 செ.மீ. அகலம் இருந்தால், காய்ந்து முடிக்கும்போது ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை காணாமல் போகலாம். அந்தப் பலகையை நான்கு பக்கமும் ஆணியடித்து நிறுத்தினால் சுருங்க வழியின்றி நடுவில் விரிந்து பிளந்துவிடும்.

அன்றைய தச்சர்கள் இதற்குச் செய்தது அத்தனை எளிமை. நான்கு சட்டங்களைச் சேர்த்து ஒரு கூடு செய்தார்கள். உட்புறத்தில் பள்ளம் எடுத்தார்கள். முதுகுப் பலகையின் விளிம்புகளை மெல்லியதாக இழைத்து அந்தப் பள்ளத்தில் வெறுமனே செருகினார்கள். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. பலகை உள்ளே மிதக்கிறது. மழைக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும், கூடு மட்டும் அசையாது. இன்றைக்கும் நம் வீட்டு மரக்கதவின் பட்டியங்கள் இதே தத்துவத்தில்தான் நிற்கின்றன. ஓக் கட்டையை ரம்பத்தால் அறுக்காமல், மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஆப்பு வைத்துப் பிளந்து பலகை எடுத்ததிலும் ஒரு விவேகம் இருந்தது. அப்படிப் பிளந்த பலகை மற்ற திசையில் அறுத்ததைவிட ஏறக்குறையப் பாதிதான் சுருங்கும். வளைவதும் குறைவு.

இனி மூட்டு. ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றதில் அதற்கேற்ற துளையிட்டுச் செருகுவது உலகமெங்கும் உள்ள முறை. இரண்டையும் சேர்த்து ஊடுருவும்படி ஒரு துளை போட்டு மர ஆணி அறைவார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தச்சர் செய்த சூட்சுமம், அந்தத் துளைகளை வேண்டுமென்றே நேராகப் போடாமல் விட்டது. நாக்கிலுள்ள துளை, காலிலுள்ள துளையைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நாக்கின் அடிப்பக்கம் தள்ளி இருக்கும். நன்கு காய்ந்த ஆணியை அறைந்தால், அது லேசாக வளைந்து இரண்டு துளைகளையும் நேராக்கப் பார்க்கும். அந்த முயற்சியில் நாக்கு உள்ளே இழுபட்டு இறுகும். ஆணி ஒரு வில். அறைந்த நாள் முதல் அது இழுத்துக்கொண்டே இருக்கிறது. பசை எதுவும் தடவாத இந்த நாற்காலிகள் 350 வருடம் கழித்தும் ஆடாமல் நிற்பதை அங்குள்ள அருங்காட்சியகங்களில் காணலாம்.

அதே காலத்தில் லண்டனில் தச்சர்களுக்கும் கடைசல்காரர்களுக்கும் பெரிய தகராறு நடந்தது. இரண்டு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கம், தனித்தனி அரச சாசனம். கடைந்த காலை யார் செய்யலாம், செதுக்கிய முதுகை யார் செய்யலாம் என்ற வழக்கு நகரசபை வரை போனது. கடைசல் வேலை கடைசல்காரர்களுக்கே என்று 1630களில் தீர்ப்பாயிற்று. ஒரு நாற்காலிக்குள் இரண்டு சங்கங்களின் எல்லைக்கோடு ஓடியது.

1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பினான். ஆறு ஆண்டில் லண்டன் பெருந்தீ. நகரமே புதிதாக வீட்டுச்சாமான் வாங்க வேண்டிய நிலை. அப்போது வந்து இறங்கியது பிரம்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மலாய்த் தீவுகளின் பக்கத்திலிருந்து கொண்டுவந்த அதே பிரம்பு. கனத்த ஓக் பலகையை எடுத்துவிட்டு, சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளையிட்டு, பிரம்பு நாரால் பின்னினார்கள். நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு சுற்று. ஒவ்வொரு நாரும் இழுவிசையில் மட்டுமே வேலை செய்கிறது. ஒரு நாரின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரு ஆளை அலட்டிக்கொள்ளாமல் தாங்குகின்றன. முதுகில் பின்னிய பிரம்பு சாய்கிறவருக்கு ஏற்பக் குழிவதால், விசை ஒரே இடத்தில் குத்தாமல் பரவுகிறது.

விலை குறைவு, எடை குறைவு, அந்துப்பூச்சி அரிப்பதில்லை, தூசி தங்குவதில்லை. துணியும் மெத்தையும் வைத்துப் பிழைத்தவர்கள் பதறிப்போனார்கள். இதைத் தடைசெய்ய வேண்டும் என்று கம்பளி உற்பத்தியாளர்கள் 1680களின் இறுதியில் பாராளுமன்றத்தை அணுக, பிரம்பு நாற்காலிக்காரர்கள் எதிர்மனு போட்டார்கள். ஆண்டுக்கு 72,000 இருக்கைகள் விற்கிறோம், 24,000க்கு மேல் வெளிநாடு போகிறது என்று அதில் கணக்குக் காட்டினார்கள். ஆனால் போட்டி முற்ற முற்ற வேலை மெலிந்தது. முதுகு உயர்ந்துகொண்டே போனது, நெம்புகோல் நீண்டது. மேலே இருக்கும் செதுக்குச் சட்டத்தை முன்பு இரண்டு பின்கால்களுக்கு நடுவே செருகிப் பூட்டினார்கள். பிறகு அழகுக்காக அவற்றின் தலைமேல் தொப்பியாக வைத்தார்கள். அதைப் பிடித்து நாற்காலியைத் தூக்கினால் சட்டம் மட்டும் கையோடு வந்தது. அலங்காரம் கட்டுமானத்தை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹொரஸ் வால்போல், லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில்லில் பழைய பாணியில் ஒரு மாளிகை கட்டினார். அதில் வைப்பதற்கென்று கருங்காலி மரத்தாலான நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினார். திருகு வடிவில் கடைந்த கால்கள், உடலெங்கும் பூவும் கொடியும் செதுக்கிய கருமை. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் உல்ஸி காலத்து இங்கிலாந்து வேலை இது என்று அவர் நம்பினார். அவரைப் பின்பற்றி மற்ற சேகரிப்பாளர்களும் நம்பினார்கள். அந்த அச்சில் புதிய நாற்காலிகள்கூடச் செய்யப்பட்டன. உண்மையில் அவை 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில், ஐரோப்பியர்களுக்காக இங்குள்ள தச்சர்கள் கடைந்து செதுக்கியவை. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய வேலை மட்டும் ஆங்கிலேயரின் புராதனப் பெருமையாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் வலம்வந்தது.

1700க்குப் பிறகு நாற்காலியின் உருவமே மாறுகிறது. ஆன் ராணி காலத்து நாற்காலி என்று சொல்லப்படுவதில் ஒரு நேர்கோட்டைக் கண்டுபிடிப்பது சிரமம். முன்னங்கால் முட்டியில் வெளியே புடைத்து, கணுக்காலில் உள்ளே ஒடுங்கி, பாதத்தில் மறுபடி வெளியே வருகிறது. பார்த்தால் மரத்தை வளைத்ததுபோலத் தோன்றும். வளைக்கவே இல்லை. 7, 8 செ.மீ. சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ஒரே அச்சை வரைந்து, ஒரு முகத்தில் அறுத்து, விழுந்த துண்டுகளைத் திரும்ப ஒட்டவைத்து, மறுமுகத்திலும் அறுப்பார்கள். துண்டுகளை உதறினால் எல்லாத் திசையிலும் வளைந்த கால் உள்ளே காத்திருக்கும். வளைவு எவ்வளவு தாராளமாக இருந்தாலும், மூட்டிலிருந்து இறங்கும் தூக்குக்கோடு பாதத்தின் மேலேயே விழுகிறது. அதனால்தான் அந்த ஒய்யாரம் சாயாமல் நிற்கிறது.

இந்தக் காலோடு ஒரு தைரியமான முடிவும் சேர்ந்தது. நான்கு கால்களையும் கீழே இணைத்திருந்த குறுக்குச் சட்டங்கள் மெல்ல மறைந்தன. அதுவரை பின்மூட்டின் சுமையில் ஒரு பகுதியை அவை வாங்கிக்கொண்டிருந்தன. இப்போது முழுச் சுமையும் இருக்கைச் சட்டத்துக்கு. தச்சர்கள் அதன் உயரத்தைக் கூட்டினார்கள். நம் பழைய கணக்கில் மூட்டின் உயரத்தை 5இலிருந்து 8 செ.மீ. ஆக்கிப் பாருங்கள்: 160 கிலோ 100 ஆகிவிடும். மூலைகளில் உட்புறமாக முக்கோணக் கட்டைகளை வஜ்ஜிரப் பசையால் ஒட்டினார்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பவருக்கு மட்டுமே அவை தெரியும்.

சாய்மானமும் இந்தச் சமயத்தில்தான் உண்மையில் சாய்கிறது. அதற்கு முந்தைய முதுகுகள் பெரும்பாலும் சுவர் மாதிரி நேராக நின்றன. இப்போது நடுப்பலகை முதுகெலும்பின் வளைவைப் பின்பற்றியது. முதுகு பின்னால் சாய்ந்தால் உட்காருபவரின் எடையும் பின்னால் போகும், நாற்காலி மல்லாக்க விழும். எனவே பின்னங்கால்கள் இருக்கைக்குக் கீழே மறுபடி பின்னோக்கி உதைத்து நின்றன. ஒரே மரத்தில் இந்த வளைவை எடுக்க அகலமான பலகை வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி அச்சுகளைப் பலகையில் அடுக்கி வரைந்து, கழிவைக் குறைத்து அறுத்தார்கள்.

அகலமான, குறையற்ற மரம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து 1721இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களின் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. ஜமைக்காவிலிருந்தும் பிறகு ஹோண்டுராஸ் கரையிலிருந்தும் மஹாகனி வந்து குவிந்தது. ஓக்கைவிட மிகக் குறைவாகச் சுருங்கும் மரம். அடர்த்தியான இழை, பெரிய பலகை, மெல்லியதாகச் செதுக்கினாலும் பொடிந்து விழாது. லண்டன் வரவேற்பறைகளின் அந்தச் செந்நிற மினுமினுப்புக்காக, அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் காட்டில் மரம் வெட்டி ஆற்றுக்கு இழுத்தார்கள். அந்த நாற்காலிகளின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மஹாகனி என்ன செய்ய அனுமதித்தது என்பதைக் காட்டியவர் தாமஸ் சிப்பண்டேல். யார்க்‌ஷயரின் ஓட்லி என்ற ஊரில் 1718இல் திருமுழுக்குப் பெற்றவர். லண்டனில் பட்டறை வைத்து, 1754இல் 160 படத்தகடுகளுடன் தன் வடிவங்களைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். 1762 பதிப்பில் அது 200 தகடுகளாகிவிட்டது. தச்சர் ஒருவர் தன் மாதிரிகளை ஊரறிய அச்சிட்டுக் கொடுத்ததால், அவர் கை படாத ஆயிரக்கணக்கான நாற்காலிகள் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. நடுப்பலகையை அவர் ரிப்பன் முடிச்சாகவும் கோதிக் சாளரமாகவும் சீனச் சட்டவேலையாகவும் குடைந்தெடுத்தார். அந்தப் பலகையின் அடிமுனையைக் கவனிக்க வேண்டும். பின்சட்டத்தின் மேல் தனியாகப் பொருத்திய ஒரு சிறு கட்டையின் குழியில் அது செருகியிருக்கும். பழைய ஓக் பலகை பள்ளத்தில் மிதந்த அதே உபாயம் இங்கே உருமாறி வந்திருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. அக்காலத்து நாற்காலிகளின் மெத்தை வைத்த இருக்கையைத் தனியாகத் தூக்கி எடுக்கலாம். எடுத்தால் அடிச்சட்டத்தில் உளியால் கீறிய ரோமன் எண் இருக்கும். மெத்தைக் கூட்டின் அடியிலும் அதே எண். ஆறோ எட்டோ பன்னிரண்டோ நாற்காலிகள் கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தாலும், ஒவ்வொன்றும் கையால் தனித்தனியாகப் பொருத்தியது. நான்காம் எண் மெத்தை ஐந்தாம் எண் நாற்காலியில் ஒழுங்காக உட்காராது.

ஹெப்பிள்வைட் என்ற தச்சர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1788இல் அவர் மனைவி ஆலிஸ் வெளியிட்ட வழிகாட்டி நூலில் நாற்காலிக்கான அளவுகள் இருக்கின்றன. முன் அகலம் 20 அங்குலம், ஆழம் 17, தரையிலிருந்து இருக்கைச் சட்டம் 17, மொத்த உயரம் ஏறக்குறைய 3 அடி 1 அங்குலம். 17 அங்குலம் என்றால் 43 செ.மீ. இன்று எந்தக் கடையில் சாப்பாட்டு மேசை நாற்காலி வாங்கினாலும் இருக்கை அந்த உயரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். முழங்காலின் உயரம் அதைத் தீர்மானிக்கிறது. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கேடய வடிவ முதுகு இருக்கையைத் தொடுவதே இல்லை. இரண்டு பின்கால்களின் நீட்சிகளுக்கு நடுவே அந்தரத்தில் நிற்கிறது. நெம்புகோலுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேறில்லை. கண்ணுக்கு விருந்து, மூட்டுக்குத் தண்டனை.

இவ்வளவும் பணக்கார வீடுகளில் நடந்துகொண்டிருக்க, அதே நூற்றாண்டில் தோட்டத்தில் வேறொரு நாற்காலி உட்கார்ந்திருந்தது. என்னைக் கேட்டால் இங்கிலாந்து உலகத்துக்குக் கொடுத்த மிகப் புத்திசாலித்தனமான நாற்காலி அதுதான். பெயர் விண்ட்சர். 1720களிலேயே பேச்சில் வந்துவிட்டது. பச்சை வர்ணம் பூசி வெளியில் போட்டிருந்தார்கள்.

மற்ற எல்லா நாற்காலியிலும் பின்னங்காலும் முதுகுச் சட்டமும் தரையிலிருந்து தலைவரை ஒரே மரம். இருக்கை நடுவில் வந்து அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பற்றுதல்தான் நம் சிக்கல் மூட்டு. விண்ட்சர் செய்தவர்கள் அந்த மூட்டை வலுப்படுத்தவில்லை, இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். 4, 5 செ.மீ. கனமுள்ள ஒரே பலகை நடுவில். கால்கள் கீழிருந்து அதற்குள் ஏறுகின்றன. முதுகின் மெல்லிய கம்பிகள் மேலிருந்து அதற்குள் இறங்குகின்றன. காலுக்கும் முதுகுக்கும் நேரடி உறவே கிடையாது. சாய்கிற விசை இரண்டு மூட்டுகளில் குவியாமல் ஏழெட்டுக் கம்பிகளுக்கும் ஒரு வளைவுக்கும் பங்கிடப்படுகிறது. கம்பிகள் லேசாக வளைந்து கொடுக்கின்றன. முதுகு முரண்டு பிடிக்காததால் மூட்டு தப்பிக்கிறது.

ஒவ்வொரு உறுப்புக்கும் தனி மரம் என்பது அடுத்த அற்புதம். இருக்கைக்கு எல்ம். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் விளிம்புக்கு அருகே துளையிட்டு ஆப்பு அறைந்தாலும் பிளக்காது. கால்களுக்கு பீச்: சுத்தமாகக் கடைய வரும். வளைவுக்கு ஆஷ் அல்லது யூ: நீளமான இழை, வளைக்கத் தோதானது. காலின் நுனி இருக்கையைத் துளைத்து மேலே வந்தால், அந்த நுனியில் ஒரு ஆப்பு இறக்குவார்கள். ஆப்பு எப்போதும் இருக்கைப் பலகையின் இழைக்குக் குறுக்காகத்தான் இருக்கும். இழையின் போக்கில் வைத்தால் பலகையையே பிளந்துவிடும். இந்த ஒரு விதியை மறந்தால் முழு நாற்காலியும் போயிற்று.

வளைவுக்கு நீராவி. மர இழைகளைச் சேர்த்து ஒட்டியிருக்கும் லிக்னின் என்ற இயற்கைப் பசை, ஈரத்தோடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவியில் வைப்பது தச்சர் வழக்கு. வெளியே எடுத்தால் அரை நிமிடம், ஒரு நிமிடம்தான் அவகாசம். வெந்த மரம் உள்வளைவில் தாராளமாக நசுங்கிக் கொடுக்கும். வெளிவளைவில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் நீளாது, அதற்கப்புறம் கிழியும். அதனால் வெளிப்பக்கம் உலோகப் பட்டையை இறுகக் கட்டி, நீளவே விடாமல், முழு வளைவையும் நசுங்கும் பக்கத்துக்குத் தள்ளிவிடுவது பின்னாளில் பரவலான உத்தி.

இந்த நாற்காலியின் தலைநகரம் லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்காம்ஷயரிலுள்ள ஹை விக்கம். சுற்றிலும் சில்டர்ன் குன்றுகளின் பீச் காடுகள். காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, வெட்டிய இடத்திலேயே பச்சை மரத்தைப் பிளந்து கால் கடைந்தவர்களுக்கு பாஜர் என்று பெயர். அவர்களுடைய கடைசல் எந்திரம் ஒரு வளையும் இளமரம், ஒரு கயிறு, ஒரு மிதிகட்டை. கயிறு கட்டையைச் சுற்றிப் போகும். மிதித்தால் கட்டை முன்னே சுழலும், உளி வெட்டும். காலை எடுத்தால் மேலே வளைந்த மரம் கயிற்றை இழுத்துக்கொள்ளும், கட்டை பின்னே சுழலும், உளி ஒதுங்கும். கூலி குரோஸ் கணக்கில்: 144 கால்களும் 108 குறுக்குக் கம்பிகளும் சேர்த்து ஒரு குரோஸ். ஒரு நாற்காலிக்கு நான்கு கால், மூன்று கம்பி. ஆக, சரியாக 36 நாற்காலிகள்.

அறுக்காமல் பிளந்ததால் இழை நுனிமுதல் அடிவரை அறுபடாமல் ஓடும். விரல் பருமனுள்ள கம்பி தாங்குவதன் ரகசியம் அதுதான். பச்சை மர வேலைக்காரர்களின் இன்னொரு சாதுரியத்தில் தண்ணீர் என்ற பழைய விரோதியே வேலைக்காரனாகிறது. குறுக்குக் கம்பியை எலும்பாகக் காயவைத்து, காலை மட்டும் கொஞ்சம் ஈரமாக விட்டுவைத்துச் செருகுவார்கள். அடுத்த சில வாரங்களில் கால் காய்ந்து சுருங்கும். கம்பி இனிச் சுருங்க ஒன்றுமில்லை. துளை கம்பியைச் சுற்றி இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஊருக்குள் பட்டறைகளில் வேலை பிரிந்திருந்தது. இருக்கையைக் குழிக்கிறவர் பலகையைத் தரையில் போட்டு, இரண்டு காலாலும் மிதித்துப் பிடித்து, பாதங்களுக்கு நடுவே வாச்சியை வீசுவார். பலகை சமதளமாக இருந்தால் எடை முழுதும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்கும். குழித்தால் தொடை முழுவதும் பரவும். மெத்தையே இல்லாத மரத்தில் மணிக்கணக்கில் உட்கார முடிவது அந்த வாச்சி வீச்சால். 1870களின் நடுவில் விக்கம் பகுதியில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் உருவாயின. இரவும் பகலும் விடாமல் எண்ணினால் 18 விநாடிக்கு ஒன்று. 1877இல் விக்டோரியா ராணி அந்த ஊர் வழியாகப் போனபோது, தெருவுக்குக் குறுக்கே நாற்காலிகளையே அடுக்கி வளைவு கட்டி வரவேற்றார்கள். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கு இன்றும் 'நாற்காலிப் பையன்கள்' என்றுதான் பட்டப்பெயர்.

இரண்டாம் உலகப் போரில் மரம் அரிதாயிற்று. குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கும் புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்களுக்கும் அரசே மாதிரி வகுத்துச் சாமான்களைக் கூப்பனுக்குக் கொடுத்தது. அலமாரிக்கு எட்டு அலகு, சாப்பாட்டு நாற்காலிக்கு ஒன்று. 1944இல் விக்கத்தின் எர்கோல் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் விண்ட்சர் சமையலறை நாற்காலிகளுக்கு ஆர்டர் வந்தது. நிறுவனர் லூசியன் எர்கொலானி இத்தாலியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். முறுக்கிக்கொள்ளும் குணமுள்ள எல்ம் மரத்தை உலையில் அடக்கிக் காயவைக்கவும் வளைவுகளை இயந்திரத்தில் வரிசையாக வளைக்கவும் வழிகண்டார். காட்டுக் குடிசைக்காரர்களின் கட்டமைப்பு ஒரு கோடுகூட மாறாமல் தொழிற்சாலைக்குள் வந்துசேர்ந்தது. அடுத்த ஆண்டு எர்னஸ்ட் ரேஸ் என்ற வடிவமைப்பாளர் மரமே வேண்டாம் என்று, போர் விமானங்களின் அலுமினியத்தை உருக்கி வார்த்து நாற்காலி செய்தார். இரண்டரை லட்சத்துக்கும் மேல் விற்றது.

மூட்டுக் கதையின் கடைசித் திருப்பத்தைக் கொண்டுவந்தவரும் ஹை விக்கத்தில் பிறந்தவரே. ராபின் டே, 1915. பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக் 1950களில்தான் உலகுக்கு வந்தது. லேசானது, வளைந்தால் முறியாது, நிறமேற்றலாம். டே 1963இல் ஹில் நிறுவனத்துக்காக, இருக்கையும் முதுகும் ஒரே ஓடாக வார்க்கும் நாற்காலியை வடிவமைத்தார். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தினால் ஓர் ஓடு வெளியே வர ஒன்றரை நிமிடம். ஒரே அச்சிலிருந்து வாரத்துக்கு 4,000. விற்பனை ஒரு கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. அதைப் பார்த்துச் செய்தவற்றுக்குக் கணக்கே இல்லை.

அந்த ஓட்டின் விளிம்பை விரலால் தடவினால் சுற்றிலும் கீழ்நோக்கி மடிந்திருப்பது தெரியும். மெல்லிய தகடு எளிதில் துவளும். விளிம்பை மடித்தால் விறைக்கும். சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக், மஹாகனிச் சட்டம் செய்த வேலையைச் செய்வது அந்த மடிப்பால். முதுகும் இருக்கையும் சந்திக்கும் இடத்தில் மூட்டு இல்லை, ஒரு தொடர்ந்த வளைவு மட்டும். சாய்ந்தால் ஓடு முழுவதும் சற்றே நெகிழ்ந்து திரும்புகிறது. இனி அடியில் பாருங்கள். உலோகக் கால்கள் இருக்கையின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் திருகியிருக்கின்றன. முதுகோடு அவற்றுக்கு உறவில்லை. விண்ட்சரின் ஏற்பாடு அப்படியே. கால் வேறு, முதுகு வேறு என்பதால் ஒரே ஓட்டைப் பலவகைக் கால்களில் ஏற்ற முடிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கால், சுழலும் கால், அரங்கில் வரிசையாகப் பூட்டும் நீளச் சட்டம். 1967இல் கைப்பிடி வைத்த ஓடும் வந்தது. 1970களின் தொடக்கத்தில் டே பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு வரிசை செய்தார். முதுகின் மேற்பகுதியில் கை நுழையும் அளவு ஒரு துளை, ஐந்து வயதுப் பிள்ளை தானே தூக்கிப்போகத் தோதாக. இருக்கையின் உயரத்தையும் முதுகின் உயரத்தையும் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஏற்பத் தனித்தனியாக அளந்து வார்த்தார்கள்.